ஒரே ஊருக்கு இரண்டு படம்: அணைக்குள் போன ஓர் ஊரின் நினைவைப் பதிவு செய்தபோது

பின்னணி

கீழ்பவானித் திட்டத்தின் பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. பவானியும் மோயாறும் சேரும் இடம் அது. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. இந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அணைக்குள் போன ஊர்களைப் பற்றி அவ்வளவு தெரியாது. பலரும் கேள்விப்பட்டிருக்கும் பெயர் டணாய்க்கன் கோட்டை ஒன்றுதான். போசளர் காலத்துத் தண்டநாயக்கர்களால் (படைத்தலைவர்களால்) பெயர் பெற்ற கோட்டை. அங்கிருந்த பெருமாள் கோயிலின் கல் மண்டபம் கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரியும், பத்திரிகைகளில் படம் வரும். தண்ணீர் ஏறியதும் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

அப்படி மூழ்கிய ஊர்களில் ஒன்றின் பழைய படத்தை வரைய முயன்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தரவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். நான் அந்தப் பக்கத்துப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். இதில் நான் செய்த தவறுகள் உண்டு. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு அவைதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மலர்க் குழு கேட்டது

ஊர் மூழ்கியபின் குடியானவர்கள் மேட்டில் புது ஊர் அமைத்தார்கள். கோயில் சாமிகளை ஊர்வலமாக எடுத்துவந்து, பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணும் (பிடிமண்) கொண்டுவந்து, புதுக் கோயில் கட்டினார்கள். அந்தக் கோயிலுக்கு 2018 தை மாதம் குடமுழுக்கு என்று முடிவானது. இளைஞர்கள் சிலர் சேர்ந்து மலர் போட நினைத்தார்கள். பெரும்பாலானவர்கள் என்னிடம் படித்தவர்கள், திருப்பூரிலும் நூல் மில்களிலும் வேலை செய்பவர்கள். மலரின் நடுப்பக்கத்தில் பழைய ஊரின் படம் வர வேண்டும், அதையே பெரிதாக மண்டபச் சுவரிலும் வரைய வேண்டும் என்றார்கள். "பெருசுங்க ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க சார், இப்ப விட்டா கெடைக்காது" என்று ஒரு பையன் சொன்னான். ஒத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் வரைந்த படம்

2016 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் பதினோரு பெரியவர்கள் கூடினார்கள். எல்லோரும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். நான்கு சார்ட் தாள்களை ஒட்டிக் கீழே விரித்தோம். கோயில், தேர் நிற்கும் இடம், சாவடி, இரண்டு வளவு (வீட்டுத் தொகுதி), இட்டேரிகள் (வேலிகளுக்கு நடுவே போகும் பாதைகள்), யார் யாருடைய தோட்டம், எந்தக் கிணறு யாருடையது என்று மளமளவென்று சொன்னார்கள். கையொப்பம் போல ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆசாரத்தையும் (கூடத்தையும்) திண்ணையையும் அளவோடு சொன்னார்கள். ஒருவர் விரலால் தெருவைத் தொட்டுக்கொண்டே வந்து, தன் வீட்டு வாசலில் விரலை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊரை விட்டு வந்த வருடம் 1954, அறுப்பு முடிந்தபின் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். இழப்பீட்டுக் காகிதத்தை ஒருவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மத்தியானத்துக்குள் படம் முடிந்தது. அன்று எனக்கு நிறைந்த மனம்.

வீட்டுக்குப் போய் இரவில் விரித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தென்கிழக்கு மூலையில் ஒரு கட்டம், அதற்குள் 'காலனி' என்று ஒரு சொல். வேறு ஒரு கோடுகூட இல்லை. அருந்ததியர் குடும்பங்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டு அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கத் தேவையே இல்லை. பெண்களும் வரவில்லை. வந்திருந்தார்கள், பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வியை மாற்றினோம்

1990க்குப் பிறகு பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணி எனக்குப் பழக்கம். அவருடைய பாட்டனார் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வன்னிக்குப் போனது, அங்கிருந்து இங்கே. ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை ஊர் போயிருக்கிறது. நான் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"சேர், ஊர் எது எண்டு கேட்டால் எங்கட அம்மம்மாவுக்குப் பதில் வராது. எந்த ஊரைச் சொல்லுறது? தண்ணி எங்கை அள்ளினீங்கள் எண்டு கேளுங்கோ. உடனே சொல்லத் தொடங்கிடுவா."

2017 தையிலிருந்து பங்குனி வரை வீடு வீடாகப் போனோம். கூட்டம் போடவில்லை. வருடம் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், காலையில் எழுந்து எந்த வழியாக வேலைக்குப் போனீர்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்கினீர்கள் என்ற மூன்று கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

குடியானவர் வீட்டுப் பெண்கள் பொடக்காளிக் கிணறுகளைச் சொன்னார்கள். மண்டபத்துப் படத்தில் தோட்டத்துக் கிணறுகள் அத்தனையும் இருந்தன, வீட்டுக்குப் பின்னாலிருந்த கிணறு ஒன்றுகூட இல்லை. எதில் உப்பு, எதில் பருப்பு வேகும், எந்தக் கிணற்றடியில் யாருக்கு முதல் வலி எடுத்தது என்றெல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது.

அருந்ததியர் குடும்பங்கள் இப்போது மூன்று ஊர்களில் சிதறி இருக்கின்றன. அவர்கள் சொன்ன தண்ணீர் ஆற்று மணலில் தோண்டும் ஊற்று. கிணற்றுப் பக்கம் போக அவர்களை விடவில்லை. ஊற்று ஒரே இடத்தில் இருக்காது. வெள்ளம் வந்து வடிந்தால் புதிதாகத் தோண்ட வேண்டும். அதனால் அவர்கள் மனத்தில் இருந்த ஊரில் தெருவைவிட ஆறு பெரிதாக இருந்தது.

அவர்களில் எழுபத்தேழு வயதிருக்கும் ஓர் அம்மா இருந்தார். இன்றும் ஆடு மேய்ப்பவர். அவருடைய அப்பா கவலைச் சாலுக்கு (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் பெரிய பாத்திரத்துக்கு) தோல் வால் தைத்துக் கொடுத்தவர். சால் கிழிந்தால் இறைப்பு நின்றுபோகும் என்பதால் எந்த நேரமும் கூப்பிடுவார்கள், மகளும் கூடவே ஓடுவார். ஊரிலுள்ள எல்லாக் கிணறும் அவருக்குத் தெரியும். எது ஒற்றைக் கவலை, எது இரட்டைக் கவலை, எந்தக் கிணற்றுக்கு எந்த இட்டேரி வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்று சொன்னார். நடுத்தெரு வழியாக ஏன் போகவில்லை என்று என்னுடன் வந்த பையன் கேட்டான். "போவக் கூடாதுங்க கண்ணு" என்றார். ஒரு வேப்பமரத்தடி வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஊருக்கே செருப்புத் தைத்தவர் அவர்.

எப்போது வந்தீர்கள் என்று நாங்கள் கேட்காமலே அவர் சொன்னது: "பொட்டிக்கு ஓட்டுப் போட்டாங்களே, மாட்டுப் படம் ஒட்டின பொட்டி, அதுக்கு மறு வருசம்." 1952 தொடக்கத்தில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் ஒட்டியிருந்தார்கள். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. அப்படியானால் அவர்கள் கிளம்பியது 1953.

நான் என் நோட்டில் இதை எழுதி, பக்கத்தில் 'நினைவுப் பிழை, 1954' என்று குறித்துவைத்தேன். அரசாங்கக் காகிதத்தைக் கண்ணால் பார்த்திருந்தேன் அல்லவா. மற்ற இரண்டு ஊர்களிலும் போய்க் கேட்டபிறகுதான் புரிந்தது. நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பல தோட்டங்களில் விதைப்பு நின்றுவிட்டது. விதைப்பு இல்லையென்றால் கூலி இல்லை, இறைப்பும் இல்லை, தைக்கச் சாலும் இல்லை. தண்ணீர் வருவதற்கு முன்பே, இழப்பீடு பேசி முடிப்பதற்கு முன்பே, அவர்களுக்கு ஊர் போய்விட்டது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்கு. பட்டா இல்லாத இந்தக் குடும்பங்களுக்கு நோட்டீசும் வரவில்லை, பணமும் வரவில்லை. பலர் அணையின் வாய்க்கால் வெட்டவே கூலிக்குப் போயிருக்கிறார்கள். எடுக்கும் நிலத்தில் மூன்று வருடமாகக் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று சட்டத்தில் வந்தது 2013இல்.

இரண்டு வருடமும் சரிதான். ஊர் இரண்டு தடவை காலியாகியிருக்கிறது. என் குறிப்பை அடித்தேன்.

தண்ணீர் இறங்கிய சித்திரை

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. சித்திரையில் அணை அடிமட்டத்துக்கு வந்து டணாய்க்கன் கோட்டைக் கோயில் மண்டபம் வெளியே தெரிந்தது. பெரியவர்களை ஒருமுறை கூட்டிப் போகலாமா என்று குழு கேட்டது.

யோசித்துத்தான் முடிவெடுத்தோம். வெயில், வயது, புதைசேறு. சுற்றிலும் 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், சாயங்காலமானால் யானை தண்ணீருக்கு இறங்கும். அனுமதி வாங்கினோம். காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதரைக்குள் திரும்புவது, நடக்க முடிந்த ஐந்து பேர் மட்டும், ஒவ்வொருவருக்கும் இரண்டு இளைஞர்கள் துணை என்று வைத்துக்கொண்டோம். ஆட்டுக்கார அம்மாவையும் கூப்பிட்டோம். அவர் பேத்தியோடு வந்தார்.

மண்டபத்துப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினோம். அரைமணி நேரத்தில் அது உதவாது என்று தெரிந்துவிட்டது. அறுபது வருட வண்டல் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தது. தெருவும் இல்லை, மேடும் இல்லை. வெடித்த சேற்றில் ஆங்காங்கே கல்லும் பட்ட மரத்தின் வேரும் கிடந்தன. மண்டபத்தில் அளவோடு வீட்டைச் சொன்ன பெரியவர் (எண்பத்து நான்கு வயது) நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்றார்.

ஆட்டுக்கார அம்மா கீழே பார்க்கவே இல்லை. வடக்கே சத்தியமங்கலத்து மலையைப் பார்த்தார், மேற்கே நீலகிரியைப் பார்த்தார், நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பார், மறுபடி நடப்பார். பின்னால் இருக்கும் மலை உச்சியும் முன்னால் இருக்கும் சின்னக் கரடும் ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்கும் இடத்தைத் தேடினார் என்று பிறகு பேத்தி விளக்கினாள். ஆடு மேய்த்தவருக்கு ஊரின் அடையாளம் ஊருக்கு வெளியே இருந்தது, அதை எந்த அணையும் மூழ்கடிக்கவில்லை.

"சாமி, அது அங்கில்லீங்க. இன்னுங் கொஞ்சம் மேக்கால வாங்க" என்றார். பெரியவர் போனார். அவர் நின்ற இடத்தில் சேற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாவடிப் படிதான்" என்றார். அதுவரை அந்த அம்மாவை 'ஏ புள்ளே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப எங்க வீடு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். இருவரும் முன்னால் போக நாங்கள் பின்னால் போனோம். வேப்பமரம் இருந்த இடத்தில் அந்த அம்மா நின்று, செருப்பு விஷயத்தைச் சொன்னார். பெரியவர் தலையைக் குனிந்தபடி, "அது நெசந்தான்" என்று மட்டும் சொன்னார்.

எட்டரை மணிக்கு இன்னொரு பெரியவருக்கு மயக்கம் வந்தது. நிழலென்று ஒன்றும் இல்லை. இளைஞர்கள் தூக்கிக்கொண்டு கரை ஏறினார்கள். குடிக்கக் கொடுத்துப் படுக்கவைத்ததும் தெளிந்துவிட்டார். ஆனாலும் நாங்கள் செய்தது போதாத ஏற்பாடுதான்.

பிடிமண்

திரும்பி வரும் வழியில் அந்த அம்மா பேத்தியிடம் ஏதோ தெலுங்கில் சொன்னார். அவர்களுடைய கன்னிமார், ஏழு கல், ஆற்றோரம் இருந்ததாம். 1953இல் கூலி தேடி ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனபோது பிடிமண் எடுக்கவில்லை. எடுத்தால் வைப்பதற்கு யாருக்கும் இடமில்லை. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றும் நினைத்திருக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து மூன்று ஊர்க் குடும்பங்களும் சேர்ந்து போனார்கள். நான் கூட்டிப் போகவில்லை, கூட வரச் சொன்னார்கள், போனேன். மலையை வைத்து இடம் பார்த்தாயிற்று. கல் ஒன்றும் தெரியவில்லை. ஓர் இளைஞர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் வைக்கப் போனார். அந்த அம்மா கையைப் பிடித்துவிட்டார். "இது ஆத்து மண்ணு. எங்கிருந்தோ வந்தது. நம்ம மண்ணு கீழ கெடக்குது."

கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கிவந்து தோண்டினார்கள். கறுத்த வண்டல் தொடை ஆழத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே செம்மண் வந்தது. ஒரு பிடி எடுத்துக் கட்டினார்கள். கல் கிடைக்கவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

மலரில் எது போடுவது

மண்டபத்துப் படத்தோடு, வீடு வீடாகக் கேட்டு வரைந்த படமும் இப்போது கையில் இருந்தது. இரண்டு படத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்பது மலர்க் குழுவின் எண்ணம். நான் மறுத்தேன். ஒன்றின் மேல் ஒன்றை வரைந்தால் இட்டேரியும் ஊற்றும் தெருவுக்கு ஓரத்தில் சின்னதாகிவிடும். யார் எதை எங்கிருந்து பார்த்தார் என்பது போய்விடும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போடுவது என்று பேசி முடித்தோம். அந்த முடிவு இன்றும் சரியென்றே படுகிறது.

அடுத்ததில்தான் தவறினேன். 'செருப்பைக் கழற்றும் இடம்' என்று அந்த அம்மா சொல்லி நாங்கள் எழுதியிருந்ததை எடுத்துவிடச் சொன்னார்கள். "கோயில் மலருங்க சார். நாலு ஊர் ஓரம்பரை (உறவுக்காரர்கள்) படிப்பாங்க. இப்ப எதுக்கு அது?" என்றார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அவர்கள் உண்மையிலேயே சங்கடப்பட்டார்கள். படமே வராமல் போவதைவிட ஒரு சொல் போனால் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அந்த அம்மாவைக் கேட்கவில்லை.

அச்சுக்குப் போகும் முன் படியை எடுத்துக்கொண்டு காட்டப் போனேன். பேத்தி படித்துப் பார்த்தாள். நர்சிங் படிக்கும் பெண். "எங்க அவ்வா சொன்னதுல அதுதான சார் முக்கியம். அது இல்லீன்னா இந்த வழி எதுக்குச் சுத்துதுன்னே தெரியாதே" என்றாள். அந்த அம்மா கோபப்படவில்லை. "வேண்டாங்க சாமி, விட்டுருங்க" என்றார். படத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தேன். கேட்க அவர்களுக்கு முழு உரிமையும் இருந்தது.

பிறகு நடந்தவை

மலர் ஒரு படத்தோடு வந்தது. மண்டபச் சுவரிலும் அதுவே இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதற்கு, 'இது ஊர்க் குடியானவர்கள் நினைவிலிருந்து வரைந்தது' என்று கீழே ஒரு வரி சேர்த்தார்கள்.

இரண்டாவது படத்தைப் பேத்தியும் பள்ளிப் பிள்ளைகளும் துணியில் வரைந்தார்கள். தெற்கே பாதி அளவுக்கு ஆறு. மேலே இரண்டு மலைக்கும் கரட்டுக்கும் கோடு. வேப்பமரத்தடியில் அவர்கள் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. அருந்ததியர் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் தொங்குகிறது. கன்னிமாருக்கு அதன் பக்கத்திலேயே ஏழு கல் நட்டுப் பிடிமண் வைத்தார்கள். வருடம் ஒருமுறை மூன்று ஊர்க்காரர்களும் கூடுகிறார்கள். முன்பு அப்படிக் கூடியதில்லை.

அணைக்குள் இறங்கிய பெரியவர்களில் ஒருவர் அதன்பின் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் காலையில் வேட்டி கட்டிக்கொண்டு, "போலாமா" என்று மகனைக் கேட்பார். ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படி இருந்தார். மகன் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. பிறகு தண்ணீர் ஏறியது. ஒருநாள் கரையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள், பார்த்துவிட்டு வந்தபின் கேட்பதை நிறுத்தினார்.

'எந்தப் பக்கம்மா' என்று கேட்ட பெரியவர், 2019 தையில் பேரனைச் சமுதாயக் கூடத்துக்கு அனுப்பினார். துணிப் படத்தை செல்போனில் எடுத்துவரச் சொன்னாராம். அவருடைய அம்மா தண்ணீர் இறைத்த பொடக்காளிக் கிணறு அதில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார். சாலில் தோல் வால் தைக்கப் பின்வழியாக வந்து போனவரின் மகள் சொன்ன கிணறு அது.

இன்று செய்வதானால்

முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் போடமாட்டேன். கூட்டமே முதலில் வேண்டாம். பெண்களிடமும், நிலமில்லாதவர்களிடமும் தனித்தனியாகப் போய்த் தொடங்குவேன். ஒரு படம் முடிந்துவிட்டால் அதைப் பார்த்தவர்கள் அதற்குள்ளேயே நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்று வீட்டில், நாங்கள் காட்டிய படத்தைப் பார்த்தபின் தங்கள் பேச்சை மாற்றிக்கொண்டதைக் கண்டேன்.

காகிதத்தோடு ஒத்துப்போகாத வருடத்தைத் திருத்தமாட்டேன். அப்படியே எழுதி, எதை வைத்துச் சொன்னார்கள் என்பதையும் எழுதுவேன்.

சொன்னவரைக் கேட்காமல் ஒரு சொல்லைக்கூட எடுக்கமாட்டேன். எதை எங்கே, யார் பார்க்கும்படி வைக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி, எந்த நேரத்திலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுவேன்.

அணைக்குள் கூட்டிப் போவதா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனமாகத்தான் இருக்கிறது. போகாமல் இருந்திருந்தால் பிடிமண் இல்லை. போவதானால் பந்தல் துணி, ஒரு செவிலியர், தூக்கிவரக் கட்டில் வேண்டும். அதைவிட முக்கியமாக, போய்வந்தபின் குறைந்தது இரண்டு மாதம் வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். நாங்கள் போகும் நாளுக்கு மட்டும் திட்டம் போட்டோம். மறுநாள் காலையில் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று யோசிக்கவில்லை.